காயில் கட்டுகிறவள்

பெரியவளானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். காயில் கட்டப்போகிறேன் என்றேன். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கும் கருகிய கம்பியை எடுத்துவிட்டு, புதுச் செம்புக்கம்பி சுற்றி மறுபடி ஓடவைக்கும் வேலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கேட்டவர்கள் சிரித்தார்கள். டீச்சர் ஆவேன், நர்ஸ் ஆவேன் என்று சொன்ன பெண்களைப் பார்த்து அவர்கள் சிரித்ததில்லை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என் அப்பா, நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிறவர், ஒரு சாமான் கடை வைத்திருந்தார். ஆணி, பைப்பு, ஒயர், பேரிங், காயில் கட்டும் கம்பி எல்லாம் கிடைக்கும். கடைக்கு மேலே வீடு. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிர்வரிசையில் ஒரு காயில் பட்டறை. கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற கோடை மாதங்களில் அங்கே மோட்டார்கள் தெரு வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். டி.வி.எஸ். வண்டியில் பின்னால் கட்டிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். முகத்தில் ஈயாடாது. இரண்டு மூன்று நாள் கழித்து அதே மோட்டாரை எடுத்துப்போக வரும்போது டீ குடித்துச் சத்தமாகப் பேசிச் சிரிப்பார்கள். நடுவில் அந்தப் பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது. இரும்புக்குள் கம்பியைச் சுற்றினால் அது ஏன் கிணற்றுத் தண்ணீரை மேலே தூக்குகிறது? பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பாடம் இருந்தது. அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். கையால் செய்து பார்க்காமல் அது தெரிந்ததாக ஆகாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கினேன். எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கையெழுத்துக்காக அத்தாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"இது ஆம்பளப் பசங்க படிக்கிறதும்மா."

"பொண்ணுங்களும் சேரலாம்னு போட்டிருக்கு அத்தா."

"போட்டிருக்கும். நாளைக்கி உன்ன எவன் கட்டிக்குவான்னு அதுல போட்டிருக்கா?"

அவர் கெட்டவரில்லை. என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, படிக்காதே என்று சொன்னதில்லை. ஆனால் ஊரிலிருந்த அத்தனை பட்டறைக்கும் கம்பி விற்றவருக்கு, அந்தக் கம்பியைத் தன் மகள் தொடுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வருடமே எனக்கு நிக்காஹ் ஆயிற்று. கணவருக்கு அதே ஊரில் செருப்புக் கடை. அமைதியானவர். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். பன்னிரண்டு வருடம் சமைத்தேன், துவைத்தேன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். கல்யாணம் ஆனால் அந்த ஆசை போய்விடும், குழந்தை பிறந்தால் போய்விடும் என்று சொன்னார்கள். போகவில்லை. தெருவில் யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனால் நான் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மோட்டாரைத்தான் பார்த்தேன்.

ஒரு சித்திரை மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேன் நின்றுபோனது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார் கணவர்.

"வாணாம். கழட்டி மட்டும் குடுங்க."

"இன்னா பண்ணப்போற?"

"தொறந்து பாக்கப்போறேன்."

அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக் கொடுத்தார். கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க எண்ணி, பெரிய மகளின் ரஃப் நோட்டில் எழுதினேன். எந்த இடுக்கிலிருந்து கம்பி கிளம்பி எந்த இடுக்கில் இறங்குகிறது என்று படம் போட்டேன். அதே கனத்தில் புதுக்கம்பி வாங்கிவந்து, நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். நான்கு நாள் ஆனது. மாட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. ஆனால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்றெல்லாம் உத்தரத்துக்குப் போனது. பிள்ளைகள் இரண்டும் பாயில் உருண்டு உருண்டு சிரித்தன. நானும் சிரித்தேன். கணவர் மட்டும் சிரிக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சுத்துதே" என்றார்.

மறுநாள் இரண்டு முனைகளை மாற்றிக் கட்டியதும் காற்று கீழே வந்தது.

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊரில் ஒரு பட்டறைக்கு நேரில் போனேன். ஒரு வருடம் கூலி வேண்டாம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் மட்டும் வருகிறேன், வேலை கற்றுக்கொள்கிறேன் என்றேன். பட்டறைக்காரர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாணாம் பாயம்மா. இங்க வர்றவன் லுங்கிய மடிச்சிக் கட்டிக்கினு குந்துவான், வாய்க்கு வந்தபடி பேசுவான். நீங்க இருந்தா எனக்கு ஒரு கிராக்கியும் வராது."

"வாய்க்கு வந்தபடி பேசாதன்னு அவங்கள்ட்ட சொல்லிப் பாருங்களேன்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். இன்னும் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் என் கணவரை அழைத்துவரச் சொன்னார். இன்னொருவர் நான் பேசி முடிக்கும் வரை என்னைப் பார்க்காமல் வாசலில் நின்ற மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையென்றால் எரிந்த மோட்டாரே சொல்லிக் கொடுக்கட்டும் என்று முடிவு செய்தேன். பழைய இரும்புக் கடையில் உடைந்த மோட்டார்கள் எடைக்குக் கிடைக்கும். சின்னதாக ஒன்று வாங்கி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் இடம் இருந்தது, அங்கே வைத்துக்கொண்டேன். உளியால் காயிலின் ஒருபக்கத் தலையை வெட்டி, சூடு காட்டி, மறுபக்கமிருந்து கம்பியை இழுத்தெடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு கம்பியும் வரவில்லை. உளி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. கட்டு போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அதை முன்னால் கட்டியவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் எப்படிக் கட்டினான், எங்கே அவசரப்பட்டான், கம்பி இரும்பில் படாமலிருக்க வைக்கும் காகிதத்தை எந்த இடத்தில் வைக்காமல் ஏமாற்றினான் என்று எல்லாம் தெரிந்தது. காலையில் கணவர் கடைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனதும் ஏறுவேன். பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்கு இறங்குவேன். கட்டுவேன், பிரிப்பேன், மறுபடி கட்டுவேன். கிணற்று மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஃபேஸ். அதனால் கட்டியது ஓடுமா என்று பார்க்க வழியே இல்லை. பல்பு வைத்துக் கம்பி அறுந்திருக்கிறதா, இரும்பில் தட்டுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். இரண்டு வருடம் இப்படிப் போனது.

கட்டிய காயில்மேல் ஊற்றும் வார்னிஷின் வாசனை தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டில்தான் கணவரின் அண்ணன் குடியிருந்தார். கடைத்தெருவில் ஒரு வரிசைக் கடைகள் அவருடையவை. ஊரில் அவர் வார்த்தைக்கு மதிப்புண்டு. ஒருநாள் நேராக மாடிக்கே ஏறி வந்துவிட்டார். நான் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். கையெல்லாம் கருப்பு.

"இன்னா இதெல்லாம்? ரோட்ல போறவன் கேக்குறான், உங்க வூட்ல பட்டற வெச்சிருக்கீங்களான்னு. நான் இன்னான்னு சொல்றது?"

"ஆமான்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் படியிறங்கினார். கீழே போய்த் தம்பியிடம் பேசினார். நான் படிக்கட்டில் நின்று கேட்டேன். சம்பாதிக்க வக்கில்லாதவன் மாதிரி பெண்டாட்டியை இரும்பு தூக்க விட்டிருக்கிறாயே என்றார். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் செருப்பு விக்கிறேன். அவ காயில் கட்றா. ரெண்டும் தொழில்தானண்ணே" என்றார்.

அண்ணன் எதிரில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் அவர் பின்வாங்கவும் இல்லை.

எனக்கு முதல் கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்ததும் அவர்தான். வடக்கனந்தலில் குத்தகைக்குக் கரும்பு போட்டிருந்த ஓர் அம்மா, அவர் கடைக்குச் செருப்பு வாங்க வந்திருக்கிறார். மோட்டார் எரிந்துவிட்டது, எந்தப் பட்டறைக்குப் போனாலும் பத்து நாள் ஆகும் என்கிறார்கள், கரும்பு காய்கிறது என்று புலம்பியிருக்கிறார். இவர் வாய் தவறி, "எங்க வூட்ல கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். போன் வைத்து அரை மணி நேரத்தில் அந்த அம்மா டி.வி.எஸ். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, காலையிலிருந்து பட்டறை பட்டறையாகச் சுமந்து அலைந்த மோட்டாரைப் பின்னால் கட்டி எங்கள் வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார்.

"நீதான் கட்டுவியாமே?"

நான் மறைக்கவில்லை. "கட்டுவேங்க. ஆனா கெணத்து மோட்டாரு கட்டி ஓட்டிப் பாத்தது இல்ல. ஃபேன்தான் ஓட்டியிருக்கேன்."

அவர் மோட்டாரின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். "இது ஆம்பளைங்க கட்டனதுதான். மூணு வாட்டி எரிஞ்சிபோச்சி. நீ கட்டி எரிஞ்சா மட்டும் இன்னா புதுசா?"

மூன்று நாளில் கட்டி முடித்தேன். நானும் கூடவே வயலுக்குப் போனேன். முதல் சோதனையே அங்கேதான். கிணற்றடியில் பக்கத்து நிலத்து ஆண்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மோட்டாரைப் பொருத்தி ஸ்டார்ட்டரை அழுத்தினேன். உறுமியது. சுற்ற வேண்டிய வேகத்துக்கு ஏறாமல் உறுமிக்கொண்டே இருந்தது. ஃபியூஸ் போனது. அங்கே நின்ற ஒருவர் லேசில் அறுந்துபோகாத கனமான கம்பியாக எடுத்து ஃபியூஸ் கட்டையில் சுற்றி, "இப்பப் போடு" என்றார். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்க்கும்போது வாய் வரவில்லை. போட்டேன். புகை வந்தது. நான் கட்டிய காயில் என் கண்ணெதிரே கருகியது.

"பாயம்மா, பேசாம பிரியாணி செஞ்சி குடுத்தா நல்லா இருக்கும்" என்றார் கம்பி சுற்றியவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் சொன்னேன். "பிரியாணியும் நல்லாத்தான் செய்வேன். ஒருநாள் வந்து துன்னுட்டுச் சொல்லுங்க. இத்த இன்னும் கத்துக்கினு இருக்கேன்."

பிறகு நிலத்து அம்மாவிடம் திரும்பினேன். "தப்பு என்னுதுங்க. கரண்டு மேல பழி போட மாட்டேன். ரெண்டு நாள் குடுங்க, திரும்பக் கட்டி எடுத்தாரேன்."

அவர் கருகிய மோட்டாரைக் குனிந்து பார்த்தார். "இத்தினி வருசத்துல ஒரு மெக்கானிக்கும் தப்பு என்னுதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல. வோல்டேஜு மேலதான் சொல்லுவானுங்க. கரும்பு அஞ்சு நாள் தாங்கும். நீ மூணு நாளாவே எடுத்துக்கோ."

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். ஒரே ஓர் இடத்தில் முனை மாறியிருந்தது. ஆரம்பம் போக வேண்டிய இடத்தில் முடிவு போயிருந்தது. என் படத்தில் சரியாகத்தான் இருந்தது, கைதான் மாற்றிக் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து கட்டினேன். இந்த முறை ஒவ்வொரு முனைக்கும் கலர் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். இரண்டு கை விரலிலும் தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரிந்தது. நான்கு நாள் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன்.

மறுபடி வயலுக்குப் போனபோது இன்னும் அதிகம் பேர் நின்றார்கள். ஃபியூஸ் கட்டையை என் கையில் எடுத்துக்கொண்டேன். சரியான கம்பியை நானே போட்டேன். யாரையும் கிட்டே விடவில்லை. பட்டனை அழுத்தினேன். சத்தம் வேறாக இருந்தது. உறுமல் இல்லை. ஒரே சீராக ஏறியது. குழாய் ஒருமுறை காற்றைக் கக்கியது, பிறகு தண்ணீர் கொட்டியது. கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. நிலத்து அம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டார். பிரியாணிக்காரர் பீடி பற்றவைத்தார். இந்த நேரத்தில் நான் அழுவேன் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அழுகை வரவில்லை. பயங்கரமாகப் பசித்தது.

அந்த அம்மா வாயால் செய்தி பரவியது. அந்தக் கோடை முழுக்க மாடியில் இடமில்லாமல் போனது. மோட்டாரை மாடிக்குத் தூக்குவதும் இறக்குவதும் பெரும் பாடு. கடைத்தெருவில் ஒரு சின்ன இடம் வேண்டும் என்று தேடினேன். கணவரின் அண்ணனுடைய வரிசையில் ஒரு கடை பூட்டிக் கிடந்தது. கேட்டோம். கொடுக்க மாட்டேன் என்றார். அது அவர் இடம், அவர் இஷ்டம். ஆனால் நான் வேறு இடம் கேட்கப் போனபோது அங்கேயும் அவர் பேச்சு முன்னாலேயே போயிருந்தது. பொம்பளைக்குப் பட்டறை வைக்கக் கொடுத்தால் நாளைக்கு வம்பு என்றார்கள். என்ன வம்பு என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளிமலையிலிருந்து போன் வந்தது. பேசியவர் மலையில் மாவு மில் வைத்திருந்தார். சாமை, கேழ்வரகு எல்லாம் அவர் மில்லில்தான் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அரைபடும். வடக்கனந்தலுக்குக் கரும்பு வெட்டப் போன ஆட்கள் என் நம்பரைக் கொடுத்திருந்தார்கள்.

"பாயம்மாங்களா? மில்லு மோட்டாரு எரிஞ்சிபோச்சிங்க. சாமை அறுத்து மூட்ட மூட்டயா வந்து கெடக்குது. பெரிய மோட்டாரு, கீழ எறக்கறதுன்னா ஜீப்பு புடிச்சி, ஆள் புடிச்சி, ஒரு வாரம் பூடும். மேல வர ஒரு பட்டறக்காரனும் ஒத்துக்கலங்க. நீங்க வருவீங்களா?"

"வரேன்" என்றேன். யாரையும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான், நான் அதுவரை கல்வராயன் மலைக்குப் போனதே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

அன்று கணவரும் கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். கம்பி, காகிதம், உளி, சுத்தியல், கம்பி சுற்றும் கட்டை எல்லாவற்றையும் இரண்டு சாக்கில் கட்டிக் காலை பஸ்ஸில் ஏறினோம். மலைப்பாதை வளைவில் ஒரு சாக்கு சரிந்து வாய் திறந்தது. செம்புக்கம்பி வெளியே தெரிந்தது. பின்சீட்டில் இருந்த ஒருவர் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

"செம்புக் கம்பி எங்கிருந்தும்மா வருது? அங்கங்க டிரான்ஸ்பார்மர்ல அறுத்துகினு போறானுங்களே, அதுவா?"

பஸ்ஸே திரும்பி என் புர்காவைப் பார்த்தது. கணவர் எழப்போனார். நான் அவர் கையை அழுத்தி உட்கார வைத்தேன்.

"அறுத்த கம்பி இல்லைங்க, கட்டற கம்பி. வெள்ளிமல மில்லுல மோட்டாருக்குக் காயில் கட்டப் போறேன். மூணு நாள் அங்கதான் இருப்பேன். சந்தேகமா இருந்தா வந்து பக்கத்துல குந்திப் பாருங்க. சும்மா குந்தக் கூடாது, கம்பி புடிக்கணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் வந்து சாக்கை நிமிர்த்திக் கட்டினார். "அந்த மில்லு ஓடணும்மா. எங்க வூட்டு சாமையும் அங்கதான் கெடக்குது" என்றார்.

மில் வாசலில் சாமை மூட்டைகள் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தன. பெண்கள் சிலர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் நான் அதுவரை தொட்டதிலெல்லாம் பெரியது. கழற்றி இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. கணவர் மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். போகும்போது, "முடியலன்னா போன் பண்ணு" என்றார். "முடியும்" என்றேன். அவர் போன பிறகு பழைய கம்பியைப் பிரித்து எண்ண ஆரம்பித்தேன். 

மில்காரர் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார். தொழுகை நேரத்துக்கு மில் மூலையில் ஒரு சுத்தமான சாக்கை விரித்துக் கொடுத்தார். மற்ற நேரமெல்லாம் மோட்டாரின் முன்னால்தான் இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் பாதிதான் முடிந்திருந்தது. மூட்டைக்காரர்கள் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கை வேகம் பிடித்தது. வேகம் பிடித்தால் தப்பு வரும் என்று வடக்கனந்தலில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அப்போது மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் குழந்தையோடு எழுந்து வந்தாள்.

"எக்கா, நீ எங்களுக்காவ அவசரப்படாத. ஒரலும் ஒலக்கயும் எங்க வூட்ல இன்னும் கெடக்குது. ராத்திரிச் சோத்துக்குக் குத்திக்கிறது எங்களுக்குத் தெரியும். நீ நெதானமாக் கட்டு. ஒருக்கா கட்டனா நிக்கணும்."

கம்பியை வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து, அதற்கு முன் ஒரு மணி நேரத்தில் கட்டிய இணைப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று தப்பாக இருந்தது. மாற்றினேன்.

மூன்றாம் நாள் வார்னிஷ் ஊற்றி, சுற்றிப் பல்பு தொங்கவிட்டுக் காயவைத்தோம். சாயங்காலம் பொருத்தினார்கள். நான் முதலில் மீட்டரைப் பார்த்தேன். வோல்டேஜ் கம்மியாக இருந்தது. போட வேண்டாம் என்றேன். மில்காரருக்குப் பொறுமை இல்லை. "நாங்க எப்பவும் இப்பிடித்தாங்க ஓட்டறது" என்றார்.

"அதனாலதாங்க எப்பவும் எரியுது. ஏறட்டும்."

வடக்கனந்தலில் வராத வாய் இங்கே வந்தது. அத்தனை பேர் நிற்க, கையைக் கட்டிக்கொண்டு சுவிட்சுக்கு முன்னால் நின்றேன். ஒரு மணி நேரம் போல் ஆனது. முள் ஏறியதும் நானே போட்டேன். பெல்ட் அசைந்தது, சக்கரம் சுற்றியது, மில் முழுக்க உமியும் தூசியும் பறந்தன. பெண்கள் மூட்டையை இழுத்துக்கொண்டு வரிசைக்குச் சண்டை போட்டார்கள்.

மறுநாள் கிளம்பும்போது மில்காரர் பக்கத்து அறையின் பூட்டைத் திறந்து காட்டினார். முன்பு உரமூட்டை வைத்திருந்த இடம். மூன்று ஃபேஸ் கரண்ட் பக்கத்திலேயே இருந்தது.

"மலைல எத்தினி கெணறு இருக்குது, எத்தினி மோட்டாரு இருக்குது தெரியுமாங்க? எல்லாம் கீழ போயி வாரக்கணக்குல கெடக்குது. நீங்க இங்கயே கட்டலாமில்ல?"

இரண்டு வாரத்தில் அந்த அறையில் என் பட்டறையைத் திறந்தேன். போர்டு எழுதியவர் உரிமையாளர் என்ற இடத்தில் என் கணவர் பெயரைக் கேட்டார். என் பெயரைச் சொன்னேன். அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க பேருதான் எழுதுங்க. எனக்கு செருப்புக் கடைல போர்டு இருக்குது" என்றார் இவர்.

ஊரில் இடம் கொடுக்காததால் மலை ஏறிவிட்டாளா என்று கணவரின் அண்ணன் கேட்டதாகக் காதுக்கு வந்தது. ஆமாம், அதனால்தான் ஏறினேன். இரண்டு வருடத்துக்குமுன் அவர் வீட்டுப் போர் மோட்டார் எரிந்தபோது திருவண்ணாமலை வரைக்கும் அனுப்பிக் கட்டிவரச் சொன்னார். இன்றுவரை என்னிடம் ஒரு மோட்டாரும் தரவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டுக்குப் போய் சலாம் சொல்கிறேன், சாப்பிடுகிறேன். அந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் வருவதில்லை. அவர் மனம் மாறுவார் என்று நான் காத்திருக்கவில்லை. அத்தாவும் என் பட்டறையைப் பார்க்க வந்ததில்லை. முழங்கால் வலி, மலை ஏற முடியாது என்கிறார். முழங்கால் வலி உண்மைதான்.

வாரத்தில் மூன்று நாள் மலையில், மீதி நாள் வீட்டில். நான் இல்லாத நாட்களில் கணவர் சமைக்கிறார். குழம்பில் புளி எப்போதும் ஜாஸ்தி. பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். என் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், சுடுபாத்திரத்தைத் தொட்டால்கூட உடனே தெரிவதில்லை. முதுகு வலிக்கிறது. இதையெல்லாம் யாராவது பரிதாபமாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நான் கேட்டு வாங்கிய வலி இது.

போன மாதம் ஒருவர் ஜீப்பில் மோட்டார் ஏற்றிவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். வெளியூர்க்காரர், மலையில் புதிதாக நிலம் பிடித்தவர் போலிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லிங்களா?" என்றார்.

"இருக்கேன், சொல்லுங்க."

"இல்ல, ஆம்பள யாரும் இல்லியா?"

"இல்ல. நான்தான் கட்டறேன். மோட்டார எறக்கறதுன்னா எறக்குங்க. யோசிக்கிறதுன்னா வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்திட்டு யோசிங்க. வழில வேற வண்டி வரணும்."

அவர் யோசித்தார். டிரைவரிடம் என்னவோ சொன்னார். ஜீப் திரும்பி மலையிறங்கிப் போனது. எனக்கு முன்னால் நான்கு மோட்டார்கள் காத்திருந்தன. முதலாவதை இழுத்துப் போட்டு உளியை எடுத்தேன்.